கொயோட்டி வேட்டைக்கு .22 ரைபிள் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அமெரிக்கப் பண்ணைகளில் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்லும் கொயோட்டி என்னும் விலங்கைப் பற்றியும், அதை அங்குள்ளவர்கள் துப்பாக்கியால் சுடுவதைப் பற்றியும் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பாலக்காட்டு எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுள் ஐந்து, ஒன்றையொன்று தொட்டுச் செல்வதாக இருந்தன. எனவே இம்முறை வேறு கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகன், வார இறுதிகளில் நண்பர் ஒருவரின் ஆட்டுப் பண்ணைக்குச் செல்கிறான். அங்கே கொயோட்டித் தொல்லை அதிகமாம். பண்ணைக்காரர் ஒரு .22 ரைபிளைக் கொடுத்து, விரும்பினால் சுடலாம் என்கிறாராம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது அதே .22 ரைபிளைச் சுட்டுப் பழகியவன் என்பதால் அதுவே போதும் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்கள் கருத்து என்ன?
– ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

ஐயா, உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கொயோட்டி, ஓநாய்க்கும் நம் குள்ளநரிக்கும் இடைப்பட்ட உருவம் கொண்ட வட அமெரிக்க விலங்கு. வளர்ந்தது பெரும்பாலும் 9 முதல் 16 கிலோ வரை எடையிருக்கும். நம் தோப்புகளில் ஊளையிடும் குள்ளநரியைவிடக் கனமானது, தெருவில் திரியும் நாட்டு நாயைவிடச் சற்று இலேசானது என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அதன் உடலை அடர்ந்த ரோமம் மூடியிருப்பதால், உள்ளே இருக்கும் உடல் கண்ணுக்குத் தெரிவதைவிட ஒடுக்கமானது. சுடுபவர் குறிவைக்க வேண்டிய இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இராது.

உங்கள் மகன் என்.சி.சி.யில் சுட்டது 25 கெஜ தூரத்தில் அசையாமல் நின்ற காகித இலக்கை. காகிதத்தில் துளை விழுந்தால் போதும். எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்பது அங்கே பொருட்டில்லை. உயிருள்ள விலங்கின் உடலில் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. .22 லாங் ரைபிள் எனப்படும் அந்தத் தோட்டாவின் குண்டு (.22 என்பது அங்குலத்தில் அதன் குறுக்களவு) ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள ஈயத்துண்டு. குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்குச் சுமார் 375 மீட்டர் வேகமும் 180 ஜூல் அளவு ஆற்றலும் கொண்டிருக்கும். நூறு மீட்டர் போவதற்குள் அந்த ஆற்றல் 120 ஜூலுக்கு இறங்கிவிடும். கொயோட்டி வேட்டையில் பரவலாகப் பயன்படும் .223 ரெமிங்டன் தோட்டாவின் குண்டும் குறுக்களவில் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் அது குழலை விட்டு 1,700 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோடு புறப்படுகிறது. அதாவது ஒன்பது மடங்கு. இரண்டு துளைகளும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு. வேகமான குண்டு உடலுக்குள் விரிந்து உடைந்து சுற்றியுள்ள தசையையும் சிதைத்து, விலங்கைச் சில நொடிகளில் சாய்த்துவிடுகிறது. மெதுவான ஈயக்குண்டோ ஒரு குறுகிய பாதையை மட்டும் துளைத்துச் செல்கிறது. அந்தப் பாதை இதயத்தையோ மூளையையோ சரியாகத் தொட்டால் விலங்கு விழும். இரண்டு விரற்கடை பின்னால் தள்ளிப் பட்டால், அது ஓடி மறைந்து, புதருக்குள் கிடந்து, சில வேளை நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

அந்த இரண்டு விரற்கடை பிசகுவதற்கு வேண்டிய வாய்ப்பு இத்தோட்டாவின் இயல்பிலேயே இருக்கிறது. 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த .22 ரைபிளால் நூறு மீட்டரில் இருப்பதைச் சுட்டால், குண்டு ஏறத்தாழ முக்கால் சாண் கீழே இறங்கிப் படும். காற்றின் தள்ளல் வேறு. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை எப்படி அலைக்கழிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைவிட மிக மெல்லிய, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்றே இந்தக் குண்டை நூறு மீட்டரில் நான்கைந்து அங்குலம் தள்ளிவிடும். குறிவைக்கும் பகுதியே அவ்வளவுதான். டெக்சாஸின் திறந்த மேய்ச்சல் நிலத்தில் காற்றில்லாத நாள் அரிது.

இப்படிச் சொல்லும்போது, அமெரிக்காவில் .22 ரைபிளால் எத்தனையோ கொயோட்டிகள் வீழ்த்தப்பட்டிருக்கின்றனவே என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். அது உண்மை, மறுக்க மாட்டேன். பொறி வைத்துப் பிடிப்பவர்கள், சிக்கிய விலங்கை இரண்டடி தூரத்திலிருந்து தலையில் சுட்டு முடிப்பதற்கு இதைத்தான் கையாளுகிறார்கள். அடிபட்ட முயலின் குரலை ஊதுகுழலில் எழுப்பி, இரை என்று நம்பி ஓடிவரும் கொயோட்டியை முப்பது நாற்பது மீட்டருக்குள் வரவழைத்துச் சுடுபவர்களும் உண்டு. தோட்டா மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதைப்பதில்லை, தோலில் பெரிய ஓட்டை விழுவதில்லை என்பவை அவர்கள் கூறும் காரணங்கள். மாசசூசெட்ஸ் போன்ற மாநிலத்தில், இரவு நேரக் கொயோட்டி வேட்டைக்கு .22 லாங் ரைபிளைவிடப் பெரிய ரைபிள் கூடாது என்று சட்டமே இருக்கிறது. விலங்குக்கு இந்தத் தோட்டா போதும் என்ற தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே வேட்டையாடுபவர் இன்னும் நெருங்கிப் போக வேண்டியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

எனவே என் கருத்து இதுதான். பண்ணைக்காரரிடம் .223 போன்ற நடுநெருப்பு ரைபிள் (விளக்கம் அடுத்த பதிலில்) இருந்தால் அதைக் கேட்டு வாங்கிப் பழகட்டும். .22 மட்டுமே கிடைக்குமானால், நாற்பது மீட்டருக்குள், விலங்கு அசையாமல் பக்கவாட்டில் நிற்கும்போது, ரைபிளை ஒரு தாங்கலில் ஊன்றிக்கொண்டு, ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சுடும் திறமை தனக்கு உண்டு என்று காகிதத்தில் மெய்ப்பித்த பிறகு மட்டும் சுடட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விசையை அழுத்தாமல் இருக்க வேண்டும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, வேலந்தாவளத்துக்கு அருகில் எங்கள் உறவினர் தோப்பில், யாரோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போன குள்ளநரி ஒன்று வைக்கோற்போர் மறைவில் வந்து கிடந்தது. பின்னங்கால்கள் செயலிழந்திருந்தன. மூன்று நாள் உயிரோடு இருந்தது. கிட்டே போகவும் அஞ்சி, விட்டுவரவும் மனமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றையும் கட்டாயம் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு. டெக்சாஸில் அந்த உரிமத்தோடு, 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். கொயோட்டியை ஆண்டு முழுவதும் சுடலாம் என்று பண்ணைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் அந்நாட்டில் பிறந்த அவருக்கு இந்த விசாச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. உரிமம் இல்லாமல் அந்த ரைபிளைத் தொட்டால் உங்கள் மகன் அங்கே வாழும் உரிமையே கேள்விக்குள்ளாகும்.

நான் என்.சி.சி. மாணவன். .22 தோட்டாவை ரிம்ஃபயர் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன? அதையே பலமானதாகச் செய்ய முடியாதா?
– கல்லூரி மாணவர், சித்தூர்

தம்பி, நீங்கள் சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாவை எடுத்துப் பாருங்கள். அதன் அடிப்பாகத்தின் ஓரத்தில், வெளியே துருத்திய விளிம்பில், ஒரு சிறு நசுங்கல் இருக்கும். வெடிமருந்தைப் பற்றவைக்கும் தீப்பொறிக் கலவை அந்த விளிம்பின் உட்குழிவைச் சுற்றிப் பூசப்பட்டிருக்கிறது. ரைபிளின் ஊசி விளிம்பை நசுக்கும்போது கலவை வெடித்து உள்ளே உள்ள மருந்தைக் கொளுத்துகிறது. பெரிய ரைபிள்களிலோ இந்தக் கலவை தோட்டாவின் அடியில் நடுவே தனியாகப் பதித்த சிறு கிண்ணத்தில் இருக்கும். அதனால்தான் அதை நடுநெருப்பு என்கிறோம்.

ரிம்ஃபயரின் வரம்பும் இந்த அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஊசி நசுக்க வேண்டுமென்றால் விளிம்பின் தகடு மெலிதாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். மெலிந்த தகடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. .22 லாங் ரைபிள், சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு அழுத்தத்துக்குள் செயல்பட வேண்டியது; .223 ரெமிங்டன் 55,000 வரை தாங்கும். தவிர, கலவை விளிம்பு முழுதும் சீராகப் பரவாமல் போனால், ஊசி அடித்த இடத்தில் கலவை இல்லாமல் தோட்டா வெடிக்காமல் போவதும் ரிம்ஃபயரில்தான் அதிகம். அப்படி நேர்ந்தால் உடனே திறந்துவிடாதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி அரை நிமிடம் பொறுத்திருங்கள்.

.22 லாங் ரைபிள் 1887-இல் வந்தது. அதற்குப் பிறகு இந்த வரம்புக்குள்ளேயே பலத்தைக் கூட்ட முயன்றவர்கள் உண்டு. 1959-இல் வந்த .22 மேக்னம், அதே 2.6 கிராம் குண்டை நொடிக்கு 570 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஆற்றல் 420 ஜூலுக்கு மேல். 2002-இல் வந்த .17 எச்.எம்.ஆர். இன்னும் சிறிய, 1.1 கிராம் குண்டை நொடிக்கு 770 மீட்டருக்கு மேல் விரட்டுகிறது. பாதை நேராக இருப்பதால் குறி பிசகுவது குறைவு என்று பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் நூறு மீட்டரை நெருங்கும்போது அதன் ஆற்றல், .22 லாங் ரைபிள் குழலை விட்டுப் புறப்படும்போது கொண்டிருக்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இலேசான குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டால், ஆழமாகப் போகாமல் மேலேயே சிதறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. முயலுக்கும் தரை அணிலுக்கும் ஏற்ற தோட்டா அது. கொயோட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிம்ஃபயரிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் .22 மேக்னத்தை எழுபது எண்பது மீட்டருக்குள் ஏற்றுக்கொள்ளலாம். 500 ஜூலைத் தாண்டும் .17 டபிள்யூ.எஸ்.எம். இவை எல்லாவற்றையும்விடப் பலமானது. அதுவும் சாதாரண .223-இன் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டுகிறது.

சிறிய தோட்டா என்பதால் அபாயமும் சிறியது என்று எண்ணிவிடாதீர்கள். மேல்நோக்கிச் சுட்ட .22 குண்டு இரண்டு கிலோமீட்டர் வரை போய் விழக்கூடியது. கல்லிலோ நீர்ப்பரப்பிலோ பட்டால், வேகமான குண்டைப் போல உடையாமல் தெறித்து வேறு திசையில் பாயும் இயல்பும் இதற்கு அதிகம்.

இங்கே ஏர்கன் வைத்துக் குள்ளநரியை விரட்டலாமா?
– ஒரு வாசகர், கோவிந்தாபுரம்

கூடாது. .177 அளவுக்குள், 20 ஜூலுக்கு மிகாத ஏர்கன் வாங்கத்தான் உரிமம் தேவையில்லை. அதைக் கொண்டு வன விலங்கைச் சுட அனுமதி இருப்பதாகப் பொருளில்லை. காயப்படுத்துவதும் சட்டப்படி வேட்டையே. மேலே .22-இன் 180 ஜூல் போதாது என்று எழுதியிருக்கிறேன். 20 ஜூலால் விளைவது வேதனை மட்டுமே.

இவ்வளவு சுட்டும் அமெரிக்காவில் கொயோட்டி குறைந்ததா?
– ஆசிரியை, எருத்தேம்பதி

குறையவில்லை அம்மா. அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவு மட்டுமே பல ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 60,000-க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. தனியார் வேட்டை அந்தக் கணக்கில் சேராது. அப்படியிருந்தும், ஓநாய்கள் அழிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் புகுந்து, மேற்கே சமவெளியில் இருந்த இவ்விலங்கு இன்று கிழக்குக் கடற்கரை நகரங்கள் வரை பரவிவிட்டது. கூட்டத்தில் மூத்த இணை மட்டும் குட்டி போடுவது அதன் வழக்கம். அந்த இணை சுடப்பட்டால் கட்டுப்பாடு குலைந்து, இளைய பெட்டைகளும் குட்டி போடத் தொடங்குகின்றன. தொகை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைப்பதால் பிழைக்கும் குட்டிகளும் பெருகுகின்றன. காலியான இடத்துக்கு வெளியிலிருந்து இளசுகள் வந்து சேர்கின்றன. ஆடு பிடிக்கப் பழகிய ஒன்றைக் குட்டி போடும் பருவத்துக்கு முன்பே தேடிச் சுடுவதில் பண்ணைக்காரருக்குப் பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவதால் அடுத்த ஆண்டு ஆட்டுக்குட்டிகள் பிழைத்துவிடும் என்பதற்கு அங்குள்ள அனுபவம் ஆதரவு தரவில்லை.

நான் இருபத்திரண்டு ஆடுகள் வளர்க்கிறேன். இந்த ஐப்பசியில் நான்கு குட்டிகளை நரி கொண்டுபோய்விட்டது. காட்டுப்பன்றியைச் சுடப் பஞ்சாயத்தில் அனுமதி தருகிறார்களே. அதேபோல் உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கொண்டு நரியையும் சுட முடியுமா?
– ஓர் ஆடு வளர்ப்பவர், வடகரப்பதி

அம்மா, நான்கு குட்டி என்பது உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் அறிவேன். இருந்தாலும் உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: சுட முடியாது. 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்த அதிகாரம், குடியிருப்பிலும் விளைநிலத்திலும் புகும் காட்டுப்பன்றிக்கு மட்டுமே உரியது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2025-இல் அறிவிக்கப்பட்ட ஏற்பாடும் பன்றிக்கானதே. அங்கே காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர்தாம் சுடலாம், தோட்டத்துக்காரர் சுட முடியாது. குள்ளநரியோ 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், யானையோடும் புலியோடும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரரை இதில் இழுத்துவிட வேண்டாம்.

கடிதத்தின் ஓரத்தில், அவுட்டுக்காய் (வெடி மறைத்து வைத்த இரை) வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சையே காதில் வாங்காதீர்கள். 2020 மே மாதம் நம் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை, வெள்ளியாற்றில் இறங்கி நின்றபடியே உயிர்விட்டது. நரிக்கு வைத்ததை நரிதான் தின்னும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. உங்கள் ஆடும் தின்னும், தெருக்குழந்தையும் கையில் எடுக்கும்.

முதலில் கொண்டுபோனது நரிதானா என்று பாருங்கள். தெருநாய்க் கூட்டம் புகுந்தால் பல ஆடுகளைத் தொடையிலும் விலாவிலும் கண்டபடி கடித்துக் குதறிவிட்டு, தின்னாமலே போய்விடும். நரி பெரும்பாலும் சிறு குட்டி ஒன்றைக் கழுத்தில் கவ்வி, சத்தமில்லாமல் கொண்டுபோகும். நாய் என்றால் பஞ்சாயத்திடம் முறையிட வேண்டியது வேறு வழி.

நரிதான் என்றால், பட்டியின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். நரி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் பறித்து நுழைவதே வழக்கம். ஆகவே கம்பிவலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இரவில் பெரிய ஆடுகளோடு விடாமல், மூங்கில் குடாப்பில் அடைத்து வாசலுக்குக் கல் வைத்துவிடுங்கள். நம் பாட்டிமார் செய்ததுதான் இது. ஆடு ஈன்றதும் விழும் நஞ்சுக்கொடியை அன்றே ஆழமாகப் புதைத்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் சாலையோரம் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிறார்கள் என்றால் அதை நிறுத்தாதவரை நரி அங்கே வராமல் இருக்காது. நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். அமெரிக்காவிலும் துப்பாக்கியை மட்டும் நம்பாத பண்ணைக்காரர்கள், கிரேட் பைரனீஸ் என்னும் பெரிய வெள்ளை நாயைக் குட்டியிலிருந்தே ஆடுகளுக்கு நடுவில் வளர்க்கிறார்கள். அது ஆட்டு மந்தையைத் தன் கூட்டமாகவே நினைத்துக் காக்கிறது. உங்கள் வீட்டு நாய்க்குட்டியையும் ஆட்டுக்குட்டிகளோடு பட்டியிலேயே படுக்கவிட்டு வளர்த்துப் பாருங்கள். வாசலில் கட்டிப்போட்ட நாய் நரியைப் பார்த்துக் குரைப்பதோடு நின்றுவிடும்.

இனிமேல் ஏதேனும் இழப்பு நேர்ந்தால், எஞ்சிய உடலை உடனே புதைத்துவிடாமல் படம் எடுத்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் சான்று பெற்று, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். வன விலங்கால் நேரும் கால்நடை இழப்புக்குக் கேரளத்தில் 1980 முதல் விதிகள் உள்ளன. கடிபட்டுப் பிழைத்த குட்டி இருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்த் தடுப்பூசிக்குக் கொண்டுபோங்கள். கழுவும்போது கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள்.